ஜான் ராய் லிஞ்ச்

பிறர்க்கு உடைமையாகப் பிறந்த ஒருவர் மாகாணச் சட்டசபையின் தலைமை நாற்காலியில் அமர்ந்து, முதுமையில் வீடும் மனையும் கைமாற்றும் வணிகம் நடத்திய வரலாற்றை இத்திங்கள் அன்பர்கட்குக் கூறப் புகுகின்றேன்.

ஜான் ராய் லிஞ்ச் அமெரிக்க ஐக்கிய நாட்டின் லூசியானா மாகாணத்தில் 1847 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து வந்த வெள்ளையர், பண்ணை மேற்பார்வையாளர். தாயார் கறுப்பின அடிமைப் பெண். தாயின் நிலையே மக்கட்கும் என்பது அந்நாட்டு விதியாதலின் மகவும் அடிமையாயிற்று. அவர்களை விடுவிக்க முயன்ற தந்தையார் 1849 இல் இறந்தார். அவர் நம்பி ஒப்புவித்த நண்பர் வாக்குப் பிழைத்தமையால், தாயும் மக்களும் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்து நாட்செஸ் நகரில் வாழ்ந்த ஒருவருக்கு உரிமையாயினர்.

உள்நாட்டுப் போரில் வடவர் படை 1863 இல் நாட்செஸை அடைந்தபோது விடுதலை கிட்டியது. பின்னர் லிஞ்ச் ஒரு நிழற்படக் கூடத்தில் வேலை பார்த்தார். முறையாகப் பயின்றது இரவுப் பள்ளியிற் சில திங்களே. கூடத்திற்கு எதிரே, சந்துக்கு அப்பால், வெள்ளைச் சிறுவர் பள்ளியொன்று இருந்தது. அங்கு நடந்த பாடங்களைச் சாளரத்தருகே நின்று செவியாற் பருகினார். பலகையில் அமர்ந்தும் பாடங் கேளாத பிள்ளைகளை நாடோறும் காணும் என் போன்ற ஆசிரியர்க்கு இச்செய்தி நெஞ்சில் தைப்பதாகும்.

1869 இல் மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1872 இல், இருபத்து நான்காம் வயதில், அச்சபையின் தலைவரானார். அடுத்த ஆண்டே தேசியக் காங்கிரஸ் சபை புகுந்தார். இரயிலிலும் விடுதியிலும் நிறவேற்றுமை கூடாதென்ற 1875 ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக வாதாடுகையில், சபை உறுப்பினராகிய தாமே குடியரும் சூதரும் நிறைந்த புகைவண்டிப் பெட்டியில் ஏறிச் செல்ல நேர்ந்ததை எடுத்துரைத்தார். சட்டம் நிறைவேறியது, 1883 இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கிற்று.

அதற்குள் தென்னாட்டில் கறுப்பினத்தாரின் வாக்குரிமை மிரட்டலாலும் சூழ்ச்சியாலும் பறிபோய்க்கொண்டிருந்தது. 1880 ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் வாக்குகள் தள்ளப்பட்டமையைக் காங்கிரஸ் சபையிலேயே முறையிட்டு, 1882 இல் இடம் பெற்றார். அவ்வாண்டின் தேர்தலிலோ தோற்றார். 1884 இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டிற்குத் தற்காலிகத் தலைவராக அமர்ந்தார். பிற்றைநாளில் இராணுவத்திற் சம்பளம் வழங்கும் அதிகாரியாகி, 1911 இல் ஓய்வு பெற்றார்.

நாட்செஸ் பக்கத்தில் முன்னரே நிலம் வாங்கியிருந்த அவர், சிகாகோவிற் குடியேறி வழக்குத் தொழிலும் மனை வணிகமும் நடத்தினார். ஆயினும் அம்முதுமையில் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது வேறொன்று. போருக்குப் பிந்திய கறுப்பினத்தார் ஆட்சி முழுதும் ஊழலும் அறியாமையுமே என வரலாற்றாசிரியர் எழுதிவந்தனர். அவ்வாட்சியை உள்ளிருந்து கண்ட லிஞ்ச் 1913 இல் நூலொன்று வெளியிட்டு மறுத்தார். 1917 இல் ரோட்ஸ் என்னும் பெயர்பெற்ற ஆசிரியரின் பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பொருள் சேர்த்ததினும் இதுவே அவர் செய்த பெருந்தொண்டென்பது என் கருத்து.

1939 நவம்பரில், தொண்ணூற்றிரண்டாம் வயதில், சிகாகோவில் காலமானார். இறுதி நாட்களில் எழுதிய தன்வரலாறு 1970 இல்தான் அச்சேறியது.