ஊமைத்துரை

பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையில் கும்பினியாரை எதிர்த்த ஊமைத்துரை, வீரபாண்டியக் கட்டபொம்மனின் இளவல். இயற்பெயர் குமாரசாமி. நாத் திருந்தாமையால் ஊமைத்துரை எனப்பட்டார்.

1799-இல் தமையனார் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட, இளவல் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டார். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் காவலை உடைத்து வெளிப்பட்டார். இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சின்னாளில் மண்ணால் மீண்டும் எழுந்தது. பாளையக்காரரைக் கொள்ளைக் கூட்டத்தார் என எழுதிவந்த கும்பினியார் திகைத்தனர்.

பேச்சு வாராதவர் படையை ஏவியது எங்ஙனம்? பகைப்படை அதிகாரி வெல்ஷ் என்பாரே அதனை எழுதிவைத்துள்ளார். இடக்கையில் சில துரும்புகளை வைத்து, அவை வெள்ளையர் படையெனக் காட்டுவார். மறுகையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ஓர் ஒலியெழுப்புவார். அவ்வளவே கட்டளை! மார்ச்சு 31-இல் கோட்டையைத் தாக்கிய கும்பினிப்படை பேரிழப்போடு மீண்டது.

மே 24-இல் பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. பிணங்களிடையே மகனைத் தேடிவந்த தாயொருத்தி, உயிர் பிரியுந்தறுவாயில் அவன் வேண்டியவாறு, அவனை விடுத்து, புண்பட்டுக் கிடந்த ஊமைத்துரையை எடுத்துச் சென்றாள். தேடிவந்த பகைவர்முன், அம்மைநோயால் மாண்டவன் எனப் பெண்டிர் சூழ்ந்து அழுதனர். வந்தவர் அஞ்சி ஓடினர். என்னே அத்தாயின் நெஞ்சுரம்!

பிழைத்த ஊமைத்துரை சிவகங்கை மருதுபாண்டியரோடு சேர்ந்து போரைத் தொடர்ந்தார். இறுதியில் பிடிபட்டு, 1801 நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.