ஈரத்துணி சுற்றிய வெப்பமானி

இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலையில் வேலை செய்வோருக்கு நெருப்பு ஒரு பகை. வெப்பம் இன்னொரு பகை. நெருப்பைக் கண்ணால் பார்க்கலாம், விலகி நிற்கலாம். வெப்பமோ ஓசையின்றி உடலுக்குள் சேர்கிறது. முதலில் தலைவலி வரும். பிறகு தசைப்பிடிப்பு, தடுமாற்றம், மயக்கம். உடலின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்படி மயங்கி விழுந்தவரை வலுவில்லாதவர் என்று ஒதுக்கிவிடுவது ஒரு காலத்தில் எளிதாக இருந்தது. மனித உடல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்குத் தெளிவான அளவு இல்லை. அளவு இல்லாவிட்டால் சட்டம் எதைத் தடுக்கும்? தொழிற்சாலைக்கு வரும் ஆய்வாளர் எதைச் சோதிப்பார்? அந்த அளவைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஹால்டேன் 1860ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். ஆனால், அவர் நோயாளிகளுக்கு மருந்து எழுதிக்கொடுத்துக் காலம் கழிக்கவில்லை. மக்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது. டண்டி நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு இரவு நேரத்தில் சென்று, ஒரே அறையில் நெருக்கமாக உறங்குவோரைச் சுற்றியுள்ள காற்றைக் குப்பிகளில் பிடித்து ஆராய்ந்தார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வைத் தொடர்ந்தார்.

1896ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்து 57 பேர் இறந்தனர். வெடிப்பின் வேகத்தில்தான் எல்லாரும் மாண்டிருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. ஹால்டேன் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சுவாசித்தே இறந்தனர் என்று காட்டினார். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உடலை எப்படித் தாக்குகிறது என்பதை அறிய, அவர் முன்பே அதைத் தாமே சுவாசித்துப் பார்த்திருந்தார்! சிறிய உயிரினங்கள் மனிதரைவிட விரைவில் இவ்வாயுவால் பாதிக்கப்படும். ஆகவே, அவற்றைச் சுரங்கத்திற்குள் எடுத்துச் செல்லுமாறு பரிந்துரைத்தார். கூண்டிலிருந்த கேனரிப் பறவைகள் 1986 வரை பிரிட்டிஷ் சுரங்கங்களில் எச்சரிக்கை மணியாக இருந்தன.

மற்றவரை ஆபத்தில் நிறுத்துவதற்குமுன் தம் உடலில் சோதித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். மகன் ஜாக்கையும் சில சமயம் சுரங்கத்திற்குள் அழைத்துச் சென்றார். ஒருமுறை சிறுவனை நிமிர்ந்து நின்று ஒரு நாடகப் பகுதியை ஒப்பிக்கச் சொன்னார். மேலே தேங்கியிருந்த வாயுவால் சிறுவன் சற்று நேரத்தில் கீழே சாய்ந்தான். தரையோரம் இருந்த நல்ல காற்றைச் சுவாசித்ததும் தெளிந்தான். இன்று எந்தத் தந்தையும் இதைச் செய்ய அனுமதி கிடைக்காது. அந்தச் சிறுவனே பின்னாளில் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் பெயரில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞராகி, இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

1902ஆம் ஆண்டு அரசாங்கம் ஹால்டேனை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்கு அனுப்பியது. அங்கு டால்கோத் என்னும் வெள்ளீயச் சுரங்கத்தில் பல தொழிலாளர்கள் இரத்தச் சோகையால் வெளிறிப்போயிருந்தனர். கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பினர். காற்றைச் சோதித்த ஹால்டேன் அதில் அப்படிப்பட்ட குற்றம் இல்லை என்று கண்டார். உண்மையான காரணம் கொக்கிப்புழு. வெப்பநாட்டுப் புழுவான அது குளிர்நாடான இங்கிலாந்தில் எப்படிப் பிழைத்தது? ஆழம் கூடக் கூடப் பாறையின் சூடு கூடும். ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் இருந்த அந்தச் சுரங்கம் நம் நாட்டு வானிலையைப் போல வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்தது. புழுவுக்கு அது வசதியான இடம். மனிதருக்கோ கொடிய இடம்.

அங்கிருந்துதான் வெப்பத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி வளர்ந்தது. அவர் முன் ஒரு பழைய புதிர் இருந்தது. 1774ஆம் ஆண்டு லண்டனில் சார்ல்ஸ் பிளாக்டென் என்ற மருத்துவர் நண்பர்களுடன் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்பட்ட அறைக்குள் சென்று, சில நிமிடம் இருந்து, நலமாக வெளியே வந்தார். அத்தகைய அறைக்குள் வைத்த இறைச்சி வெந்துவிட்டது! ஆனால், அதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்கூட இல்லாத இடங்களில் தொழிலாளர்கள் மயங்கி விழுகிறார்களே, அது ஏன்?

விடை வியர்வையில் இருக்கிறது. மண்பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலுள்ள நீர் குளிர்ச்சியடைகிறது அல்லவா? நம் உடலும் அவ்வாறே வியர்வையை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வெறுமனே சொட்டும். அதனால் பயன் இல்லை. ஆகவே, சாதாரண வெப்பமானி காட்டும் அளவு தொழிலாளியின் நிலையைச் சொல்லாது. குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய வெப்பமானி அதைச் சொல்லும். வியர்வை வழியும் தோலைப் போலவே அந்த ஈரத்துணியும் நடந்துகொள்கிறது.

ஹால்டேன் சுரங்கத்தின் அடியிலும் சூடாக்கப்பட்ட அறைகளிலும் மேலாடையைக் களைந்துவிட்டு நேரம் நேரமாக இருந்து, தம் உடல் வெப்பநிலையைத் திரும்பத் திரும்ப அளந்தார். 1905இல் தம் முடிவுகளை வெளியிட்டார். காற்று அசையாத இடத்தில், ஈரக்குமிழ் ஏறத்தாழ 31 பாகையைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பம்கூட ஏறத் தொடங்கும். காற்று வீசினால் அந்த எல்லை ஏறத்தாழ 34 பாகை வரை உயரும். உடலுழைப்பில் ஈடுபடுபவருக்கோ அசையாக் காற்றில் சுமார் 26 பாகையே எல்லை. ஒரு மின்விசிறியும் சிறிது ஓய்வும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

நூல் அறுந்துவிடாமல் இருக்க லங்காஷயர் நெசவுக்கூடங்களில் நீராவி செலுத்துவது வழக்கம். நெசவாளர்கள் இதை நீண்டகாலம் எதிர்த்து வந்தனர். 1889ஆம் ஆண்டுச் சட்டம் கூடங்களில் ஈரமானிகளைத் தொங்கவிட்டு அளவுகளைப் பதிய வேண்டும் என்று கூறியது. பின்னர் அமைக்கப்பட்ட குழுவில் ஹால்டேனும் இடம்பெற்றார். ஈரக்குமிழின் அளவு வரம்பை எட்டினால் ஆவி செலுத்துவதை நிறுத்த வேண்டும் என்னும் விதி வந்தது. இனி முதலாளியும் தொழிலாளியும் வாதாட வேண்டியதில்லை. ஆய்வாளர் வெப்பமானியைப் பார்த்தால் போதும்.

உலோக ஆலைக்கு இந்த ஒரு கருவி மட்டும் போதாது. உருகிய இரும்பிலிருந்து வரும் கதிர்வெப்பம் காற்றைத் தொடாமலேயே உடலைச் சுடும். அதை அளக்க எச்.எம். வெர்னான் என்பவர் 1930களின் தொடக்கத்தில் கறுப்பு நிறம் பூசிய செப்புக் கோளத்திற்குள் வெப்பமானியை வைத்தார். 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் இவ்விரு கருவிகளும் ஒரே அளவுகோலாக இணைக்கப்பட்டன. கூரைக்குக் கீழ் நடக்கும் வேலைக்கு அதில் ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடும் கோளத்திற்கு 30 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. சிங்கப்பூரில் 2023 முதல், வெளியிடத்தில் இந்த அளவு 32 பாகையை எட்டும்போது, கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரப்பட வேண்டும்.

ஹால்டேன் முதுமையிலும் ஆய்வகத்தோடு அடங்கிவிடவில்லை. கடும் வெயிலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலை செய்தோர் வெப்பத்தால் தாக்குண்டதை ஆராய 75ஆம் வயதில் பாரசீகத்திற்குப் பயணம் மேற்கொண்டார். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு திரும்பிய சிறிது காலத்தில், 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள் நள்ளிரவில் காலமானார்.