ஒரு கண் போனாலும் விடல... கொதிக்கும் ஊற்றை அளந்த பன்சன்!

ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல பன்சன் பர்னரைப் பார்க்காம வந்திருக்க மாட்டீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர், வெடிக்கப் போற வெந்நீர் ஊற்றுக்குள்ள தெர்மாமீட்டரை இறக்கினவர்னு தெரியுமா?

ராபர்ட் பன்சன், 1811-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தவர். இளம் வயசுல ஆர்சனிக் கலந்த சேர்மங்களை ஆராய்ந்தார். ஒருநாள் சோதனையில் குடுவை வெடிச்சு, வலது கண்ணில் பார்வை போச்சு. அந்த விஷம் ஏறி சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ஆனாலும் ஆராய்ச்சியை விடல.

1845-ல் ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலை வெடித்தது. அடுத்த வருஷமே பன்சன் அங்கே போய் இறங்கினார். அங்கே அவரைக் கட்டிப்போட்டது, கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்று. நம்ம பாத்ரூம் கீஸருக்குப் பேர் கொடுத்ததே அதுதான்!

தண்ணி ஏன் திடீர்னு வானத்துக்குப் பீறிடுது? பூமிக்கடியில குகைகள்ல நீராவி சேர்ந்து தள்ளுதுன்னு அப்போ பலர் நம்பினாங்க. பன்சனோ அளந்து பார்க்க முடிவு செஞ்சார். பிரெஞ்சு அறிஞர் டெக்லோய்சோவுடன் சேர்ந்து, ஊற்றின் குழாய்க்குள் வெவ்வேறு ஆழத்துக்கு தெர்மாமீட்டரை இறக்கினார். அதுவும் ஊற்று பீறிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னாடி!

ஆழத்துல வெப்பம் 100 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆனா தண்ணி கொதிக்கல. காரணம், மேலே இருக்கிற தண்ணியோட எடை. உங்க வீட்டு பிரஷர் குக்கரும் இதே கதைதான். அழுத்தம் கூடினா, கொதிநிலையும் கூடும். கீழே உள்ள தண்ணி கொஞ்சம் மேலே எழும்பினாலே அழுத்தம் குறையும். உடனே ஒரு பகுதி நீராவியா மாறி, மிச்சத்தைத் தூக்கி வீசும். லேப்ல ஒரு மாதிரி ஊற்றைச் செஞ்சு, இதைக் காட்டவும் செய்தார்.

இன்னைக்கு ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின் நிலையத்துக்குப் பின்னாலும் இதே இயற்பியல்தான். ஆழ்கிணற்றிலிருந்து வரும் சூடான நீரின் அழுத்தத்தைக் குறைச்சா, ஒரு பகுதி நீராவியாகி டர்பைனைச் சுத்தும். அந்த நாட்டில் 10 வீடுகளில் சுமார் 9 வீடுகளுக்குக் கதகதப்பு கொடுப்பதும் பூமியின் சூடுதான்.

பன்சன் பிறகு கிர்ச்சாஃபுடன் சேர்ந்து சீசியம், ருபீடியம் என்ற தனிமங்களைக் கண்டுபிடித்தார். பர்னருக்குக்கூட காப்புரிமை வாங்கல. கல்யாணமும் பண்ணிக்கல. 1899-ல் ஹைடல்பர்க்கில் காலமானார்.

அவர் அளந்த காலத்துல உலகத்துல மின் நிலையமே கிடையாது. தண்ணி ஏன் துள்ளுதுங்கிற கேள்விக்குத்தான் விடை தேடினார். அந்த விடை இப்போ ஊருக்கே விளக்கேத்துது!