காதம்பினி கங்கூலி அம்மையார்

வைத்தியத் தொழிலையும் தாய்மையையும் ஒருங்கே ஏற்றவர்க்குக் குழந்தையை யார்வசம் ஒப்புவிப்பது என்னுங் கவலை என்றும் உண்டு. நோய் நேரங்காலம் பார்த்து வருவதில்லை. குழந்தையின் பசியும் அங்ஙனமே.

1861-ஆம் ஆண்டிற் பிறந்த காதம்பினி அம்மையார், 1883-இல் கல்கத்தாச் சர்வகலாசாலையில் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே, பெண்கல்விக்குப் பாடுபட்டவரும் மனைவியை இழந்தவருமான துவாரகநாத் கங்கூலியை மணந்தார். பின்னர் வைத்தியக் கல்லூரி புகுந்து 1886-இல் தேறினார். வீட்டைத் துறந்து வெளியிற் றொழில் புரியும் இவரை 1891-இல் வங்கவாசி என்னும் பத்திரிகை ஒழுக்கங் கெட்டவரெனத் தூற்றிற்று. கணவர் வழக்குத் தொடுத்தார். ஆசிரியர் ஆறு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் அடைந்தார்.

1893-இல் மேற்படிப்பின் பொருட்டு அம்மையார் சீமைக்குப் புறப்பட்டார். இளங்குழந்தைகளை என் செய்வது? அதே மாளிகையில் வாழ்ந்த மூத்தாள் மகள் விதுமுகி அப்பொறுப்பை ஏற்றார். ஸ்காட்லாந்தில் மூன்று டிப்ளோமாக்கள் பெற்று மீண்டபோது, கடைக்குட்டி தன் தாயை அடையாளங் காணாது விலகிற்று என்பர். கல்விக்கு அவ்வன்னை செலுத்திய விலை அது.

அதன்பின்னும் அவர் தளர்ந்திலர். நோயாளர் இல்லஞ் செல்லும்போது வண்டியிலிருந்தவாறே பின்னல் வேலை செய்வார். 1923 அக்டோபர் 3-ஆம் நாள் ஒரு சத்திர சிகிச்சையை முடித்து வந்து, அன்றே உயிர் நீத்தார்.

அம்மையாரின் புகழைப் பேசுவோர் விதுமுகியை மறத்தல் தகாது. பட்டச் சான்றில் அவர் பெயர் இல்லை. எனினும் அப்பட்டத்தில் அவர்க்கும் பங்குண்டு.