சூலைத் திங்கள் ஏழாம் நாள்

எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் நாள்தோறும் அந்த நாளின் சிறப்பை நாலு வரியில் எழுதி வைப்பது வழக்கம். அன்று பிறந்த பெரியோர், அன்று நடந்த நிகழ்ச்சி, அன்று கொண்டாடப்படும் விழா ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று. சூலைத் திங்களுக்கு அப்பணி என் பங்காக வந்தது. ஏழாம் நாளுக்குச் செய்திப் பஞ்சமில்லை. 1896-ஆம் ஆண்டு அந்நாளில்தான் பம்பாய் வாட்சன் ஓட்டலில் லூமியர் சகோதரர்களின் சலனப் படங்கள் நம் நாட்டில் முதன்முதலாகத் திரையிடப்பட்டன. கிரிக்கெட் வீரர் தோனி 1981-இல் பிறந்ததும் அந்நாளே. நண்பர்கள் அதைத்தான் எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றி. நாலு வரியில் அவர் அடங்கவில்லை. ஆகவே இம்மலரிலும் எழுதுகின்றேன்.

அவர் நம் மண்ணுக்குரியவர். மதுராந்தகம் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆண்டை 1859 என்பாரும் 1860 என்பாரும் உளர். சூலை ஏழு என்பதையே அரசு அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாடி வருகின்றது. இரட்டைமலை என்பது ஊரோ குன்றோ அன்று, தந்தையாரின் பெயர். நான் மாமல்லபுரத்திலிருந்து வருபவன். எங்கள் ஊரில் பாறையைக் குடைந்த பல்லவ மன்னர்கள் தம் பட்டப் பெயர்களைக் கல்லிலே வரிசையாக வெட்டி வைத்துப் போனார்கள். ஆயினும் அவர்களுள் ஒருவருடைய பிறந்த நாள்கூட நமக்குத் தெரியாது. சேரியில் பிறந்த ஒருவரின் பிறந்த நாள் நமக்குக் கிடைத்திருப்பது எண்ண எண்ண வியப்பளிக்கின்றது.

வறுமையும் சாதிக் கொடுமையும் அவர் குடும்பத்தைப் பிறந்த ஊரிலிருந்து பெயர்த்தன. அவர் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். அங்கு ஏறத்தாழ நானூறு மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். எவரிடமாவது பழகினால் ஊர் எது, உறவினர் யார், சாதி என்ன என்று கேட்டுவிடுவார்களே என்று அந்தச் சிறுவர் அஞ்சினார். பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி விரைந்து வீடு சேர்வார். விளையாட்டும் இல்லை, தோழமையும் இல்லை. அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இதுவே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புதிதாக அறிமுகமாகும் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டு, நான் சொன்ன பின்னும் நிறுத்தாமல், ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வியைத் தொடுக்கும்போது அந்தச் சிறுவரின் விரைந்த நடை எனக்கு நன்றாகவே விளங்குகின்றது.

பின்னர் அவர் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1890-இல் சென்னைக்கு வந்தார். அது நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை முக்கியமான காலம். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் இங்குள்ள சேரி மக்களின் நிலையை ஆராய்ந்து 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் சொல்வது அதனையே. (அந்நிலங்கள் கைமாறிப் போனதை எதிர்த்து, மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் எழுந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தனர். அதுவும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு நாள்தான்.)

1893 அக்டோபரில் சீனிவாசனார் ஓர் இதழைத் தொடங்கினார். முதலீடு பத்து ரூபாய், நான்கே பக்கங்கள். பெயர் ‘பறையன்’. சாதி வெளியே தெரிந்துவிடுமோ என்று மணியோசைக்காகக் காத்திருந்த அதே மனிதர், அந்தப் பெயரையே தலைப்பில் அச்சடித்துச் சென்னை வீதிகளில் விற்றார்! திங்கள் இதழாகத் தொடங்கியது மூன்றே மாதங்களில் வார இதழாயிற்று. ஏறத்தாழ ஏழாண்டுகள் நடந்தது.

இப்பெயரை எல்லாரும் ஏற்கவில்லை. அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதரே ஏற்கவில்லை. இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்பது பண்டிதரின் கருத்து. அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் முயன்றதன் பயனாக, 1922-இல் அரசு ஏடுகளில் ஆதி திராவிடர் என்ற பெயர் இடம்பெற்றது. மூவருமே மக்களின் உயர்வுக்காகவே பேசினர். இரு பக்கத்து நியாயத்தையும் எடைபோட்டுப் பார்த்தேன். பெயரை மாற்றினாலும் ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்வி துரத்திக்கொண்டே வருகின்றது. எனவே என் மனம் சீனிவாசனார் பக்கமே சாய்கின்றது.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கேட்ட காலம் அது. நடத்தினால் உயர்சாதியினரே பதவிகளை நிரப்பி, ஏழைகளை மேலும் நசுக்குவர் என்று வாதிட்டு, சீனிவாசனார் 1893 டிசம்பரில் கூட்டம் கூட்டினார். இலண்டன் பாராளுமன்றத்துக்கு அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் நீளம் 112 அடி, கையொப்பங்கள் 3412. அறிவியல் மாணவன் என்பதால் கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர் அடிக்கு முப்பது பேர் வருகிறார்கள். எவ்வளவு நெருக்கி எழுதியிருப்பார்கள்! எழுதத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பதே கடினமான அந்நாளில் இது எளிய செயலா? ஆங்கிலேயருக்குத் துணைபோனார் என்று இதற்காக அவரைக் குறை கூறுவோர் உண்டு. பள்ளிக்கூடமே எட்டாதவர்களுக்குத் தேர்வு எங்கே நடந்தால் என்ன என்று அவர் நினைத்ததில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1900-இல் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 1921-இல் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்தார். கிணற்றில் நீர் எடுக்கவும் தெருவில் நடக்கவும் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது! அது நடந்து நூறாண்டுகள்தாம் ஆகின்றன. 1930-இலும் 1931-இலும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்றார். முதலில் புறப்பட்ட பயணம் முப்பது ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையொப்பம் உள்ளது. 1936-இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார்.

1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைத்தார். கோயம்புத்தூர்ப் பள்ளியின் மணியோசை நமக்குக் கேட்பது அதன் வழியாகத்தான். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.