யோகோ ராணி

சிறுமியரின் மறைவிட உறுப்பை அறுக்கும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவின் பல பாகங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இதைக் கேள்வியுற்ற மாத்திரத்தில், ஆடவர் பெண்டிர்மீது சுமத்திய கொடுமையென்று முடிவுகட்டி விடுகிறோம். அது முற்றும் தவறன்று. ஆயினும் ஸியரா லியோன் தேசத்தில் அந்தக் கத்தி பெண்களின் கையிலேயே இருக்கிறது. அதிகாரமும் அதனோடு சேர்ந்திருக்கிறது. இதன் உண்மையை அறிய விரும்புவோர் மெண்டே ஜனங்களின் தலைவியாயிருந்த யோகோவின் சரித்திரத்தை நோக்குவாராக.

ஏறக்குறைய 1849-ல் பிறந்த இவ்வம்மையாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஸோமா. யோகோ என்பது ஸாண்டே என்னும் மாதர் சபையில் சேர்ந்தபொழுது பெற்ற பெயர். மெண்டே பெண்களில் ஏறக்குறைய அனைவரும் அச்சபையினரே. சிறுமியரை ஊர்ப்புறக் காட்டில் தனியே வைத்து, ஆடலும் பாடலும் இல்லறக் கடமைகளும் கற்பித்து, புதுப்பெயர் சூட்டி, மணத்துக்கு உரியவர்களென ஊரறிய அழைத்து வருவார்கள். அறுப்பு நிகழ்வதும் அங்கேதான். முகமூடி தரித்து ஆடும் உரிமை ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியது. ஸாண்டேயிலோ பெண்களே தரிக்கிறார்கள். யோகோ முதலில் புகழ் பெற்றதும் ஆடலினால்தான்.

இருமுறை மணந்தபின், மூன்றாவதாக ஸெனஹுன் தலைவரைக் கைப்பிடித்தார். கணவரை ஆங்கிலேயர் சிறைப்படுத்தியபோது, கவர்னரிடம் தாமே முறையிட்டு மீட்டார். 1878-ல் கணவர் இறக்கவே, ஆட்சி இவரிடம் வந்தது. இவர் நடத்திய ஸாண்டே சபையின் கீர்த்தி நாடெங்கும் பரவியது. பிரமுகர்கள் தம் புதல்வியரை இவரிடம் ஒப்புவித்தனர். அப்பெண்களைப் பிற தலைவர்களுக்கு மணமுடித்து வைத்தே யோகோ தம் உறவையும் செல்வாக்கையும் பெருக்கினார். படையால் பெற்றதைவிட இவ்வாறு பெற்றது அதிகம் என்பது நமது எண்ணம். 1884-ல் ஆங்கிலேயர் இவரை ராணியென அங்கீகரித்தனர். 1898-ல் குடிசைவரியை எதிர்த்து மெண்டே ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது, இவர் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். நம்மால் இதைப் பாராட்ட இயலவில்லை. 1906-ல் காலமானார், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பர்.

யோகோவின் காட்டில் எத்தனை சிறுமியர் உதிரம் பெருகி வாடினர் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இவ்வறுப்பினால் தேகத்துக்கு யாதொரு நன்மையுமில்லை. ரத்தப்பெருக்கு, ஜன்னி, சிலருக்கு மரணம், பிற்காலத்தில் பிரசவ சங்கடம் ஆகியவையே பலன். எனினும் 2019-ல் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 83 பேர் இதற்கு உட்பட்டவர்கள். 2007-ல் குழந்தைகள் உரிமைச் சட்டம் நிறைவேறியபோது, இதைத் தடுக்கும் பிரிவை மட்டும் நீக்கிவிட்டார்கள். நீக்கியதன் காரணம் அரசியல் அறிந்தவர்களுக்கு விளங்கும்: தேர்தல் காலத்தில் இச்சடங்குகளுக்குப் பொருளுதவி செய்து வாக்குத் தேடுவோர் அங்கு உண்டு. சடங்கை நடத்தும் முதிய மாதர் ஸோவெய் எனப்படுவர். ஊரில் அவர்களுக்குள்ள மதிப்பும் வருமானமும் அதனால் வருபவை. சட்டத்தை மட்டும் காட்டி அதை விடச் சொன்னால் எப்படி விடுவார்கள்?

சமீப வருஷங்களில் ஸோவெய் சிலர் கத்தியைக் கீழே வைத்துவிட்டனர். அவர்களிடம் வரும் சிறுமியருக்கும் காட்டுவாசம் உண்டு, ஆடல் உண்டு, புதுப்பெயரும் உண்டு. அறுப்பு மட்டும் இல்லை.