கதவைச் சாத்தாத ரமாபாய்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் பாதையில், புனே தாண்டி தவுண்ட் சந்திப்பு வருவதற்கு முன்னால் கேட்காவ் என்றொரு சிறிய நிலையம் உண்டு. ஊருக்குப் போய் வரும் நம்மவர்கள் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். 1900-ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சிற்றூரில் சுமார் 2000 பெண்களும் குழந்தைகளும் ஒரு விதவைத் தாயின் நிழலில் வாழ்ந்து வந்தார்கள். அவர்தான் பண்டித ரமாபாய் அம்மையார்.

1858-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி, சிறந்த சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் கூடாது என்றிருந்த நாளில் மனைவிக்குக் கற்றுக் கொடுத்தார். ஊராரின் எதிர்ப்பையும் தாங்கிக் கொண்டார். அந்தத் தாயிடம்தான் ரமாபாய் பாடம் கேட்டார். புராணம் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டு கோயில் கோயிலாக நடந்த குடும்பம் அது. 1870-களில் தென்னாட்டுப் பஞ்சத்தில் சிக்கிக் கொண்டார்கள். இலைகளைத் தின்று பசியாறிய நாட்களும் உண்டு. தந்தை, தாய், தமக்கை என்று மூவரும் சில மாதங்களுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். தாயின் உடலைச் சுமக்க நான்கு பேர் கிடைக்கவில்லை. குள்ளமான உருவமுடைய ரமாபாயே பாடையின் ஒரு மூலையைத் தலையில் தாங்கிச் சுடுகாடு வரை நடந்தார். பின்னால் அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் வேர் இந்தப் பஞ்சத்தில்தான் இருக்கிறது.

அண்ணனும் தங்கையும் நடந்தே 1878-இல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்குள்ள பண்டிதர்கள் அந்த இளம்பெண்ணின் புலமையைக் கண்டு வியந்து, பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். ஆனால் புகழ் வந்த வேகத்திலேயே துயரமும் வந்தது. 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் வேற்றுச் சாதி வங்காள வக்கீல் ஒருவரை மணந்தார். 1882-இல் காலரா அவரையும் கொண்டு போயிற்று. கையில் மனோரமா என்ற சிறு குழந்தை.

1883-இல் இங்கிலாந்து சென்றார். அங்கே கன்னியாஸ்திரீகள் அவரை லண்டனில் ஓர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஊர் தள்ளி வைத்த பெண்களை அந்தச் சகோதரிகள் அருவருப்பின்றி அன்போடு பேணுவதைக் கண்டார். கெட்டுப்போனவள் என்ற பெண்ணுக்கு ஊரில் என்ன கிடைக்கும் என்பதை அறிந்தவர் அவர். இவர்களை இப்படி நடத்தச் செய்வது எது என்ற கேள்விக்கு யோவான் சுவிசேஷத்தின் சமாரியப் பெண் கதையில் விடை கண்டார். வாதத்தில் பண்டிதர்களையே வென்றவரை மாற்றியது வாதமல்ல, வேலைதான். அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக அவர் ஆங்கிலேய மாதாகி விடவில்லை. வெள்ளைப் புடவையும் சைவ உணவும் கடைசி வரை மாறவில்லை. வெளிநாட்டுச் சபையார் சொன்னதையெல்லாம் கேள்வியின்றி ஏற்கவும் இல்லை.

அமெரிக்கா சென்று, அங்குள்ளவர்கள் ஒரு சங்கம் அமைத்துக் கொடுத்த பண உதவியோடு திரும்பி, 1889 மார்ச் 11-இல் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். முதல் மாணவிகள் இரண்டே பேர். அவர்களில் ஒருவரான இளம் விதவை கோதுபாயைத்தான் பிற்காலத்தில் மகரிஷி கார்வே மணந்தார். அடுத்த ஆண்டு பள்ளி புனேக்கு மாறிற்று. மதம் கற்பிப்பதில்லை என்பது பள்ளியின் நிபந்தனை. இந்துப் பெண்கள் தங்கள் ஆசாரப்படி சமைத்துச் சாப்பிட ஏற்பாடும் இருந்தது.

சோதனை இங்கேதான். ரமாபாய் தம் அறையில் மகளோடு ஜெபம் செய்வார். அறைக் கதவைச் சாத்துவதில்லை. சில பெண்கள் தாமாகவே வந்து உட்காரத் தொடங்கினார்கள். புனே கொதித்தது. திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. ரானடே, பண்டார்கர் போன்ற ஆதரவாளர்களே 1893-இல் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பெற்றோர் பலர் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. பின்னாளில் பல பெண்கள் கிறிஸ்தவர்களானார்கள். கதவைச் சாத்தியிருந்தால் பள்ளி தப்பியிருக்கும். ஆனால் ஒளிந்துகொண்டு கும்பிட அவருக்கு மனம் வரவில்லை. யாரையும் வா என்று அழைக்கவில்லை. வந்தவர்களைப் போ என்று விரட்டவும் இல்லை. எஞ்சிய பெண்களோடு பள்ளியை நடத்தினார்.

1896-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். பசி என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்தவர் அல்லவே! தாமே நேரில் போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். எலும்பும் தோலுமான அந்தக் கூட்டத்தை, பிளேக் பயத்தில் இருந்த புனே நகரில் வைத்துக்கொள்ள அதிகாரிகள் விடவில்லை. பள்ளிச் செலவுக்காக வாங்கியிருந்த கேட்காவ் நிலம் கைகொடுத்தது. முதலில் கூடாரம், பிறகு கட்டடம். முக்தி என்று பெயர்.

அங்கே சோறு போட்டதோடு நிற்கவில்லை. கிணறு வெட்டினார்கள், நெசவு, தையல், பால் பண்ணை, அச்சுக்கூடம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கைத்தொழில். பார்வையற்ற பெண்களுக்குப் பிரெயில் எழுத்தும் கூடை முடைதலும் சொல்லிக் கொடுத்தார்கள். கெட்டுப்போனவள் என்று தள்ளப்பட்டவர்களுக்கு கிருபா சதன் என்று தனி இல்லம். இந்த இரைச்சலுக்கு நடுவில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, நாட்டுப்புறப் பெண்ணுக்கும் விளங்குகிற மராத்தியில் பைபிளை மொழிபெயர்த்தார். பல ஆண்டு வேலை அது. எழுத்துக் கோத்ததும் அச்சிட்டதும் முக்தியின் பெண்களே.

தமக்குப் பின் இல்லத்தைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பியிருந்த மகள் மனோரமா 1921-இல் இறந்தார். காதும் சரியாகக் கேட்காத தாய், ப்ரூஃப் திருத்துவதை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5-இல் ரமாபாய் கேட்காவில் காலமானார். பைபிள் இரண்டாண்டு கழித்து வெளிவந்தது. முக்தி இல்லம் இன்றும் அதே ஊரில் நடந்து வருகிறது.